மழுங்காத கத்தி

அந்தச் சந்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறுமாசம் என்றால்தான் தெரியும். கத்தி வாங்க வெளியிலிருந்து வருகிறவர்கள்கூட முனையில் இருக்கிற கறிக்கடையில், "இங்க ஆறுமாசம் வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்கள். பட்டத்துக்குக் காரணம் அவரேதான். தன் கையால் செய்த கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது, "கொண்டு போங்க. ஆறு மாசத்துக்குச் சாணை கேக்காது. கேட்டா கொண்டாந்து என் மூஞ்சில எறியுங்க" என்று சொல்லாமல் கொடுத்ததே கிடையாது.

எறிய யாருக்கும் மனசு வரவில்லை. நல்ல கத்திதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இரும்பு இரும்புதானே. மற்ற கத்திகளைவிடக் கொஞ்சம் தாமதமாக அதுவும் மழுங்கத்தான் செய்தது. மழுங்கிய கத்தியோடு வருகிறவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். கறிக்கடைக்காரர் வந்தால், "நீ எலும்புல போடுற." மீன் வெட்டுகிற பெண் வந்தால், "ஐஸ்ல வச்ச மீன் கல்லு மாதிரிம்மா, கத்தி என்ன பண்ணும்?" ஓட்டல் ஆள் வந்தால், "கீரையைக் கழுவாம வெட்டுறீங்க. மண்ணு." உலகத்தில் குற்றம் இல்லாத பொருள் அவருடைய கத்தி ஒன்றுதான்.

அப்போதும் ஆள் நம்பாமல் நின்றால், மகன் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, உள்ளே போய்த் தோல் உறையோடு ஒரு கத்தியை எடுத்து வருவார். அது அவர் மகனுடையது. மகனுக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் வெட்டுகிற வேலை. "தினம் மூட்டை மூட்டையா வெங்காயம் வெட்டுறான். வருஷக்கணக்கா வெட்டுறான். இதைச் சாணை பிடிச்சதே கிடையாது. பாரு" என்று இடது கையை நீட்டி, முன்கையில் மயிரைச் சிரைத்துக் காட்டுவார். சத்தமே இல்லாமல் மயிர் உதிரும். காட்டிக் காட்டி அந்த இடம் எப்போதும் மொழுமொழுவென்று இருக்கும். அதற்குமேல் யார் என்ன பேசுவது?

அந்த மகன் போன கோடையில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடந்தான். கேன்டீனில் இருந்து கஞ்சி மாடிக்கு வந்தது. அவன் கீழே இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் அந்தக் கத்தியை எடுத்துக் காட்டினார். "என் பையன் கத்தி. அவன் போயிட்டான். கத்தி வாய்ல கூரு அப்படியே இருக்கு பாரு" என்பார். பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார்கள். வியாபாரத்துக்காகச் செய்தார் என்று நினைத்தால் அது பாவம். அதை எடுத்துத் தொட்டுப் பார்க்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கேன்டீனில் மகனுடைய வேலையை மருமகளுக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் நிரந்தரம் என்று பேச்சு. அவள் வேலையில் சேர்ந்த வாரமே அவர் ஒரு இரும்புப் பட்டையை உலையில் போட்டார். மழைக்காலம் தொடங்கி வாரக்கணக்கில் அந்த ஒரு கத்தியோடு கிடந்தார். கரி நமுத்துப் போய்ப் புகைந்தது. பட்டறைக் கூரை ஒழுகி, இரும்பு அடிக்கிற பட்டடைப் பக்கத்தில் வாளி வைத்திருந்தது. மற்ற வேலையெல்லாம் அப்படி அப்படியே நின்றது. பழைய கதவுச் சட்டத்திலிருந்து தேக்கு அறுத்துப் பிடி போட்டு, பித்தளை ஆணி அடித்து, கடைசியில் வாய்க்குக் கொஞ்சம் மேலே தன் முத்திரையையும் குத்தி, மருமகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"அவன் கத்தி மாதிரியே அச்சு அசலா செஞ்சிருக்கேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்காது."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். அது பொய்யில்லை.

அந்தக் கத்தியோடு சில வாரம் போய் வந்த பிறகு, ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. செருப்பைக் கழற்றும் முன்பே மாமியார் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?"

"ஒண்ணும் இல்லத்தை. லேசா பட்டுடுச்சு."

"லேசா பட்டதுக்கா இவ்வளவு துணி?"

"ஆஸ்பத்திரில வேலை பாத்தா கட்டுக்கு என்ன பஞ்சம்? நர்ஸம்மா சுத்து சுத்துன்னு சுத்திட்டாங்க."

மாமியார் சிரிக்கவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்தபடியே, "வலது கையைக் காட்டு" என்றாள். காட்டினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழும்பியிருந்தது. ஆள்காட்டி விரலின் உட்பக்கம் கயிறு இழுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு.

"சமையல் மாஸ்டர் பாத்தாரா?"

"பாத்தாரு. ரத்தம் பட்டதுன்னு ஒரு தொட்டி கோஸை அப்படியே குப்பையில கொட்டிட்டாரு. இப்பவே இத்தனை தடவை ஆச்சு, இன்னொரு தடவை வெட்டிக்கிட்டா நிரந்தரத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், வேற இடம் பாத்துக்கன்னுட்டாரு. மாசக் கடைசில கையெழுத்து."

மாமியார் அடுப்பைத் தூண்டிவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்க அண்ணன் நேத்து போன் பண்ணானே, என்னவாம்?"

"அதேதான். வேலை நிரந்தரமாகலன்னா எங்க வீட்டுக்கு வந்துடுன்னு. அங்க எதுக்கு உக்காந்துட்டு இருக்கன்னு கேக்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன் அத்தை. வேற என்ன சொல்றது?"

வெந்நீர் கொதித்து மூடியைத் தள்ளியது. இவளும் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பது என்று மாமியாருக்குக் கணக்குப் போடத் தேவையில்லை. இரண்டு கிழங்களும் ஒரு பட்டடையும்தான் மிச்சம். நாள் முழுக்க ஒரு கிழம் அடித்துக்கொண்டிருக்கும், பட்டடை அடி வாங்கிக்கொண்டிருக்கும், இன்னொரு கிழத்துக்குப் பேச ஆள் இருக்காது.

"அந்தக் கத்தியாலதானே வந்துச்சு? நான் அப்பவே உன்கிட்ட சொன்னேன்ல. அவன் பண்ண மாதிரியே நீயும் பண்ணிட்டுப் போயிருக்கலாம்."

"என்னால அப்படி முடியாதுத்தை."

பட்டறையும் சமையலறையும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கத்தி என்ற சொல் எத்தனை சத்தத்திலும் அவர் காதில் விழும். மற்றதெல்லாம் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

"கத்திக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றார்.

"உக்காருங்க மாமா. ஒண்ணு சொல்லணும். நீங்க கோவப்படாம கேக்கணும்."

"நான் எப்பம்மா கோவப்பட்டேன்?" என்று கோபமாகக் கேட்டபடி உட்கார்ந்தார்.

மருமகள் பையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வாய் அருமையா இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல. தக்காளி எல்லாம் தானா விழுது. ஆனா பிடி என் கைக்கு அடங்கல மாமா. பாருங்க, இப்படிப் பிடிச்சா விரல் சுத்தி வரவே இல்ல. இறுக்கிப் புடிச்சுட்டே இருக்கணும். ரெண்டு மூட்டை கோஸ் வெட்டுறதுக்குள்ள கை மரத்துப் போகுது. மரத்துப் போன கையில வழுக்குது."

"ம்."

"முதுகு விளிம்பு கூர்மையா இருக்கு. இந்த விரலை அறுக்குது."

"அப்புறம்?"

"முன் பக்கம் கனம். நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அது குனிஞ்சிடுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா."

"அவ்வளவுதானா? பிடி சரியில்ல, முதுகு சரியில்ல, கனம் சரியில்ல. கத்தில மிச்சம் என்ன இருக்கு, காத்தா?"

"ஏங்க, அவ சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள் மனைவி.

"கேட்டுட்டுத்தானே இருக்கேன்? கத்தி சரியாத்தான் இருக்கு. கை பழகல. பழகணும். முடிஞ்ச கத்தி முடிஞ்சதுதான். வாய் தீட்ட மட்டும்தான் அது திரும்ப என் கல்லுக்கு வரும். ஒவ்வொருத்தர் கைக்கும் வெட்டி ஒட்டுறதுக்கு நான் என்ன தையக்காரனா? இதே பிடி, இதே கனம், என் பையன் வச்சு வெட்டினான். ஒரு நாள் கை வலிக்குதுன்னு சொல்லியிருப்பானா? சொல்லச் சொல்லு அவனை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மூன்று பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகள்தான் பேசினாள். "அவர் அதால வெட்டவே இல்ல மாமா."

மாமியார் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மருமகள் பார்க்கவில்லை.

"காலைல உறையோட எடுத்துட்டுப் போவாரு. அங்க அலமாரியில வச்சிடுவாரு. கேன்டீன்ல பச்சை பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி இருக்கு. அதாலதான் வெட்டுவாரு. சாயங்காலம் இதைக் கழுவித் தொடச்சு எடுத்துட்டு வருவாரு. அழுக்கே இல்லாத கத்தியை எதுக்குக் கழுவுறீங்கன்னு நானே கேட்டிருக்கேன். அப்பா ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாப்பாரு, தண்ணி படாத கத்தின்னா கண்டுபிடிச்சிடுவாருன்னு சொல்லுவாரு."

"பொய்."

"பொய் இல்ல மாமா. அந்தப் பச்சைக் கத்தி இன்னும் அங்கதான் இருக்கு."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

மனைவி எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கத்தியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். சந்தையில் கூறு போட்டு விற்கிற சாதாரணக் கத்தி. தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அகலத்துக்கு வந்திருந்தது.

"நான் இதாலதான் சமைக்கிறேன்."

"நான் குடுத்தது?"

"அலமாரியில இருக்கு. விருந்தாளி வந்தா காட்டுறேன்."

"எல்லாரும் சேந்துக்கிட்டு என்னை..."

"ஏமாத்தணும்னு பண்ணல. உங்ககிட்ட யாருங்க பேச முடியும்? அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். பிடி கொஞ்சம் பெருசா இருக்குப்பான்னான். இதே இடத்துலதான் உக்காந்திருந்தீங்க. கத்தி சரியாத்தான் இருக்கு, கையைச் சரி பண்ணிக்கன்னீங்க. சரிப்பான்னு எழுந்து போனான். அதுக்கப்புறம் அவன் வாயைத் திறக்கல."

ஆறுமாசத்துக்கு நினைவு வரவில்லை. அப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். மகனிடம் சொன்னது எது, மீன்காரியிடம் சொன்னது எது என்று எப்படிப் பிரிப்பது?

மருமகள் கத்தியை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள். "நானும் சும்மா கொண்டு போயி கொண்டு வந்திருக்கலாம். எனக்கு மனசு வரல. அவர் அப்படிச் சுமந்துட்டுப் போறதைப் பாத்தாலே கஷ்டமா இருக்கும். நீங்க எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்ததும், இதையாவது வச்சு வெட்டிடணும்னு நினைச்சேன். அதான் சொல்றேன். திருத்திக் குடுங்க மாமா. குடுத்தா நான் வெட்டுவேன்."

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார்.

மகனுடைய கத்தியை உறையிலிருந்து உருவி, ஜன்னலோரம் மீதமிருந்த வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை நாள் வாயை மட்டுமே பார்த்திருந்தார். இப்போது பிடியைப் பார்த்தார். நாலு மாதம் கையில் புழங்கினாலே தேக்கு கறுக்கும், வியர்வையும் எண்ணெயும் ஏறி ஆணியைச் சுற்றி ஒரு வளையம் விழும். கறிக்கடைக்காரர் கத்தியில் கட்டைவிரல் பதியும் இடம் குழியே விழுந்திருக்கிறது. இந்தப் பிடி அவர் கடைசியாக மெழுகு தேய்த்துக் கொடுத்த நிறத்திலேயே இருந்தது. இரும்பில் அவருடைய கல் இழுத்த கோடுகள் ஒன்றுகூட அழியவில்லை. இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான், இது வேலை செய்யாத கத்தி என்று. ஞாயிறுதோறும் கையில் எடுத்தவர் அவர். மகன் எதிரில் நின்றுகொண்டிருப்பான். இவர் மயிரைச் சிரைத்துப் பார்த்து, "பாத்தியாடா" என்பார். அவனும் "ஆமாப்பா" என்பான். அந்த "ஆமாப்பா" இப்போது அவர் காதுக்குள் கேட்டது. அவமானம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அவன் தினமும் காலையில் எவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், எதற்காக? அப்பன் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷப்படுவான் என்பதற்காக.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். வரவில்லை.

மறுநாள் மருமகளுக்கு விடுமுறை. மழை விட்டிருந்தது, கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது பட்டறையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வா."

போனாள். ஒரு தகரத்தில் அடுப்புக் கரியைச் சலித்து எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"கையை நீட்டு. கொப்புளத்துல படாம பூசிக்க."

அவள் உள்ளங்கையில் கரியைப் பூசிக்கொண்டாள். கத்தியைக் கொடுத்தார். மாமியார் ஒரு முட்டைக்கோஸை எடுத்துவந்து பலகையில் வைத்தாள். யாரும் சொல்லாமலேயே கொண்டுவந்துவிட்டாள், அவளுக்கு அவ்வளவு அவசரம்.

"கேன்டீன்ல எப்படி வெட்டுவியோ அப்படி வெட்டு."

வெட்டினாள். கட்டுப் போட்ட விரலை மடக்கி வைத்துக்கொண்டு வேகமாக வெட்டினாள். ஒருத்தர் தன் கத்தியால் வெட்டுவதை அவர் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. செய்து கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அவள் தோள் எப்படி ஏறுகிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு எப்படிக் கத்தியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்தார். முக்கால் கோஸுக்குள் அவள் நெற்றியில் வியர்வை.

"போதும். வை."

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் கரி பட்டிருந்தது. ஓரமாக விரல் நுனிகள் பட்ட இடம் நாலு புள்ளி. நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கட்டை துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த இடத்துக்கு அவள் கை வந்து சேரவே இல்லை.

என்ன தோன்றியதோ, தன் கையில் கரியைப் பூசிக்கொண்டு, மகன் கத்தியை எடுத்து இறுக்கிப் பிடித்தார். விட்டுப் பார்த்தால் பிடி முழுக்கக் கறுப்பு. ஒரு நூல் இடம் பாக்கி இல்லை. இத்தனை வருடமாக யார் கைக்கு அளவெடுத்துச் செய்துகொண்டிருந்தார் என்பது அதில் நன்றாகவே தெரிந்தது.

"அப்பவே கரி பூசிப் பாத்திருக்கலாம்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கத்தியைப் பிடிகருவியில் இறுக்கி அரத்தை எடுத்தார். முடித்து மெருகேற்றிய பிடியில் முதல் இழுப்பு இழுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இழுத்த பிறகு நிற்கவில்லை. மரமும் பித்தளையும் நடுவில் இருக்கும் இரும்பும் சேர்ந்தே தேய வேண்டும், ஒன்று முந்தினால் பிடி ஆடும். மரத்தூள் சிவப்பாக அவர் பாதத்தில் விழுந்தது. நாலு இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தி, "பூசிக்க, பிடி" என்பார். அவள் பிடிப்பாள். பார்ப்பார். மறுபடியும் அரம்.

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் மாமா."

"இப்ப?"

"ம், போதும்."

அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "போதும்னா, உன் கைக்குப் போதுமா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

அவள் தயங்கினாள். இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தாள். "அடிப்பக்கம் இன்னும் ஒரு இழை எடுக்கணும்."

"அப்படிச் சொல்லு."

எடுத்தார்.

அடுத்தது கனம். அதுதான் பயமான வேலை. முன்பக்கத்து இரும்பைச் சாணையில் கொடுத்து மெலிய வைக்க வேண்டும். சூடு ஏறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். பிறகு அது கத்தி இல்லை, தகரம். வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தொடு தொட்டு ஒரு முக்கு முக்கினார். சாணைச் சக்கரத்தை மனைவி சுற்றினாள். மகன் போன பிறகு அவள்தான் சுற்றுகிறாள்.

"மெதுவா சுத்து."

"மெதுவாத்தான் சுத்துறேன். நீங்க அழுத்தாம இருங்க."

இன்னொரு சமயம் என்றால் இந்தப் பதிலுக்கு வீடு இரண்டுபட்டிருக்கும். அவர் அழுத்தத்தைக் குறைத்தார்.

பாதி வேலையில் மனைவி சக்கரத்தை நிறுத்தினாள். "முத்திரை போகுதுங்க."

பார்த்தார். முத்திரையின் ஒரு பக்கம் ஏற்கெனவே மங்கியிருந்தது. இன்னும் எடுத்தால் முழுசாகப் போய்விடும். எடுக்காவிட்டால் கனம் குறையாது.

"அது இருந்தா காய் வெட்டுமா? சுத்து."

கடைசியில் முதுகை உப்புத்தாள் போட்டு உருட்டினார். விரலால் தடவி, தன் விரலை நம்பாமல் அவள் விரலால் தடவச் சொன்னார். எல்லாம் முடிந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கத்தி பார்க்க அழகாக இல்லை. பிடி ஒரு பக்கம் ஒடுங்கி, ஆணித் தலைகள் கோணலாகத் தெரிந்தன. கடையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மருமகள் மீதிக் கோஸை வெட்டினாள். அவர் காய் விழும் பக்கம் பார்க்கவில்லை, அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் ஏறவில்லை.

"காகிதத்துல சுத்தித் தரவா?" என்று கேட்டார். வழக்கமாகச் சொல்கிற வசனத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்கு வந்தபோது பட்டடைமேல் ஒரு கத்தி இருந்தது. விருந்தாளிகளுக்குக் காட்டுகிற கத்தி. பக்கத்தில் கரித் தகரம். மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

மாசக் கடைசியில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். மருமகள் வாசலில் செருப்போடு நின்றே அதைச் சொன்னாள். மாமியார் "சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். மருமகள் தன் அண்ணனுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னதை ஆறுமாசம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அரம் நின்று மறுபடி ஓடியது.

கத்தி வாங்க ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சந்தில் பட்டம் மாறவில்லை. ஒருத்தர், "அந்த மகன் கத்தியைக் கொஞ்சம் காட்டுங்க, கேள்விப்பட்டிருக்கேன்" என்றபோது, "அது இல்ல. கையைக் காட்டுங்க, எம்மாம் பெருசுன்னு பாப்போம்" என்று கரித் தகரத்தை நகர்த்தி வைத்தார். வந்தவர் இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கறிக்கடையில் போய்ச் சொல்லிச் சிரித்தார். கறிக்கடைக்காரர் சிரிக்கவில்லையாம்.

ஒரு சாயங்காலம் மருமகள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கையில் கத்தி. சொல்லத் தயங்குகிறாள் என்று தெரிந்தது.

"என்னம்மா?"

"மழுங்கிடுச்சு மாமா. தக்காளித் தோல்ல வழுக்குது."

அவர் எழுந்து வந்து கத்தியை வாங்கினார். வாயில் கட்டைவிரலை வைத்துக் குறுக்கே தடவினார். வாய் முழுக்கத் தேய்ந்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் பல் விழுந்திருந்தது. பிடி அங்கங்கே கறுக்க ஆரம்பித்து, கட்டைவிரல் பதியும் இடத்தில் பளபளப்பு ஏறியிருந்தது. கத்தியை இடது கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். மொழுமொழுவென்று இருந்த இடத்தில் இப்போது மயிர் முளைத்திருந்தது. கத்தி அதை மடக்கிவிட்டுப் போனதே தவிர வெட்டவில்லை.

"சரியா கழுவித்தான் மாமா வெட்டினேன். மண்ணு எல்லாம் இல்ல" என்றாள் அவள், அவர் என்ன சொல்வார் என்ற பயத்தில்.

"இல்லம்மா. வெட்டினா மழுங்கும்." பல் விழுந்த இடத்தில் விரலை இன்னொரு தரம் வைத்தார். "நல்லா மழுங்கியிருக்கு."

தீட்டுக் கல்லைத் தண்ணீரில் போட்டார். கல் நனைகிறவரை இருவரும் நின்றார்கள். சுவரில் ஆணியில் மகனுடைய கத்தி உறையோடு தொங்கியது.

"மாமா, அதையும் ஒரு நாள் சின்னதாக்கித் தாங்க. மாத்தி மாத்தி வச்சுக்கறேன்."

"அது உன் கைக்கு வேணாம்." ஆணியில் தொங்கிய உறையைத் தொட்டார். "அவன் கைக்குத் தகுந்த மாதிரி ஒரு தடவை திருத்தி வைக்கணும்னு பாத்தேன். மூணு நாலு தடவை எடுத்து வச்சேன். முடியல. அவன் கை எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆஸ்பத்திரில எத்தனை நாள் அந்தக் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். இருந்தும் தெரியல."

மருமகள் தன் வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். இடது கை ஆள்காட்டி விரலை, தழும்பு விழுந்த அந்த விரலை, நடுவிரல் நுனிக்கு மேலே வைத்துக் காட்டினாள். ஒரு நகம் உயரம் இருக்கும்.

"இவ்வளவுதான் மாமா. என்னைவிட இவ்வளவுதான் கூட."

ஆறுமாசம் அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"சின்னக் கை" என்றார்.

"ஆமா மாமா."

அவர் கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்து, அவளுடைய கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.